கணவாய்க் காற்றும் வெள்ளை அட்டையும்

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை உசிலம்பட்டியைக் கடந்த பின்னர் சற்றே தயங்குவது போலத் தோன்றும். இருமருங்கிலும் குன்றுகள் நெருங்கி வந்து வழிமறிக்க, அவற்றிடையே கிடைத்த இடுக்கில் வண்டி நுழைந்து அப்புறம் வெளிப்படுகிறது. அதுவே ஆண்டிபட்டிக் கணவாய். இவ்வழியே ஓடிய பழைய மீட்டர்கேஜ் வண்டி 2010 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. பாதை அகலமாகி, தேனி வரை மீண்டும் வண்டி ஓடியது 2022 மே மாதத்தில்தான். அதற்கு ஓராண்டு கழித்து, 2023 மே மாதத்து மூன்றாம் வாரத்தில், நாமும் நம் துணைவியாரும் அவ்வண்டியில் ஏறி ஆண்டிபட்டி சென்றோம். அங்கே நம் தமக்கையார் குடும்பம் வசிக்கிறது. ஏழு மாதப் பேரக் குழந்தையைக் கண்டு, நான்கு நாள் தங்கி வருவதே நோக்கம்.

கணவாயைத் தாண்டியதும் கண்ணில் படுபவை காற்றாலைகள். தமிழகத்தில் காற்று வலுவாகப் புகும் வாயில்கள் நான்கு என்பர்: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, இடைவெளி கண்ட இடத்தில் பாய்ந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே ஆண்டிபட்டி வரை வந்து சேருகிறது. வைகாசி பிறந்தால் அதன் வேகம் கூடத் தொடங்கும்; ஆடியில் ஆளையே தள்ளும். மானாவாரிக் காடுகளின் நடுவே நின்று சுழலும் இந்த ஆலைகளிற் பல, தொலைவில் உள்ள நூற்பாலைகளுக்கு உரியவை. இங்கே சுற்றும் சுற்று அங்கே அவற்றின் மின்கணக்கில் வரவாகிறது. இத்தனை இறக்கைகள் சுழலும் ஊரில் ஒரு வீட்டுக்குள் சுழலும் சிறு மின்விசிறியைப் பற்றியா சச்சரவு என்று, அன்று மாலைக்குள் நாம் வியக்க வேண்டியதாயிற்று.

தமக்கையாரின் இல்லம் சக்கம்பட்டிப் பக்கம் இருக்கிறது. நெசவாளர் தெருக்கள் நிறைந்த பகுதி அது. விடியுமுன்னே தறிச் சத்தம் எழுந்துவிடும். அத்தான் நூற்பாலை ஒன்றில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் கோவையிலிருந்து மாற்றலாகித் தேனிக்கு வந்த பின், அவனும் மனைவியும் சென்ற ஐப்பசி முதல் பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தனர். நல்ல குடும்பம், மாலை செபமாலை தவறாத வீடு. ஆனால் நாம் உள்ளே காலடி வைத்த போதே ஏதோ இறுக்கம் தெரிந்தது. மருமகப்பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன. தமக்கையார் நம்மிடம் நலம் விசாரித்துக்கொண்டே, யாரும் இல்லாத அறையின் விளக்கை எழுந்து போய்ச் சற்று ஓசையுடன் அணைத்தார்.

காரணம், சமையலறை அலமாரியில் இருந்தது. மின் கணக்கெடுக்க வருபவர் எழுதிவிட்டுப் போகும் வெள்ளை அட்டை. பங்குனி, சித்திரைக் கணக்காக 560 யூனிட், 2,430 ரூபாய் என்று அதில் பதிவாகியிருந்தது. அதே அட்டையில் மேலே சென்ற ஆண்டின் அதே பருவத்துக் கணக்கு 380 யூனிட், 770 ரூபாய். அத்தானின் மாத ஓய்வூதியம் அந்த 2,430-ஐ எட்டாது. ஆகவே வீட்டின் அமைதி குலைந்ததில் வியப்பில்லை.

“மூணு மடங்கு, தம்பி! இத்தனை வருஷம் நான் பார்க்காத பில்லு. குளிக்கிற அறை லைட்டு எரியுது, பொழுதன்னிக்கும் பேன் ஓடுது. சொன்னா முகம் வாடிப்போகுது” என்றார் தமக்கையார்.

பங்குத்தந்தையார் ஒரு ஞாயிறன்று, திருத்தந்தை பிரான்சிசு 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலைப் பற்றிப் பேசியிருக்கிறார். தேவையற்ற விளக்கை அணைப்பதும் படைப்பைப் பேணும் அன்றாடச் செயல்களுள் ஒன்று என அம்மடல் கூறுவதையும் எடுத்துரைத்திருக்கிறார். அன்று முதல் அந்தச் சுற்றுமடல் முழுவதும் தம் மருமகளுக்காகவே எழுதப்பட்டது போலத் தமக்கையார் நடந்துகொண்டார் என்பதை அத்தான் நம் காதோடு சொன்னார். இரவில் இவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துவதும், குழந்தை வியர்த்து அழுவதும், அந்தப் பெண் வாய் பேசாமல் பனையோலை விசிறியால் விடியும்வரை வீசிக்கொண்டிருப்பதுமாகச் சில வாரங்கள் கழிந்திருந்தன. மகன் இருவருக்கும் நடுவே அகப்பட்டு, தேனியிலிருந்து வீடு திரும்பும் நேரத்தைத் தள்ளிப்போடலானான்.

மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் எல்லாரும் வைகை அணைக்குச் சென்றோம். ஆண்டிபட்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்பார்கள். 1959 சனவரியில் காமராசர் திறந்து வைத்த அணை. முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. பூங்காவில் குழந்தைகள் ஓடியாட, நாம் அணையின் கீழே இருக்கும் சிறிய மின்நிலையத்தை நோக்கியபடி அமர்ந்தோம். இந்தப் பள்ளத்தாக்கின் நீருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட தண்ணீர், லோயர் கேம்ப்பில் விழும்போது ஒருமுறை மின்சாரம் தருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து வந்து, வைகையில் சேர்ந்து, அணையிலிருந்து திறக்கப்படும்போது இங்கே இன்னொரு முறை மின்சாரம் தருகிறது. அதன் பின்னரே மதுரைக்குப் போகிறது.

பள்ளிப் பாடம் நினைவுக்கு வரவே, அத்தானிடம் ஒரு கணக்குச் சொன்னோம். 71 அடி உயரத்திலிருந்து விழும் நீரைக் கொண்டு ஒரே ஒரு யூனிட் மின்சாரம் பெற வேண்டுமானால், சுமார் 17,000 லிட்டர் விழ வேண்டும். இயந்திரத்தில் வீணாவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். தண்ணீர் லாரிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை லாரி. தமக்கையார் திரும்பிப் பார்த்தார். இளமையில் குடத்தை இடுப்பில் வைத்து வெகுதூரம் நடந்த கைகள் அவருடையவை. “ஒரு யூனிட்டுக்கா?” என்று ஒருமுறைதான் கேட்டார்.

அன்றிரவு வீட்டில் ஒரு சோதனை செய்வதென்று முடிவாயிற்று. மே மாதம் மாதாவின் வணக்க மாதமல்லவா? செபமாலையும் பிரார்த்தனையும் முடியும் வரை கூடத்தில் அனைவரும் ஒரே விளக்கின் கீழ், ஒரே விசிறியின் கீழ் அமர்ந்திருந்தோம். முடிந்ததும், சுவிட்சுகள் யாவற்றையும் அணைத்து, குளிர்சாதனப் பெட்டியின் செருகியையும் உருவிவிட்டு, வாசலில் இருந்த மீட்டரின் முன் இருட்டில் கூடினோம். இப்போதைய மீட்டர்களில் பழைய சுழல்தட்டு இல்லை. சிவப்பு ஒளிப்புள்ளி ஒன்று விட்டுவிட்டு மின்னும். 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று இந்த மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருந்தது.

வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் புள்ளி மின்னியது. சற்றுப் பொறுத்து மறுபடியும் மின்னியது.

மருமகப்பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் முப்பத்திரண்டு. அதாவது, யூனிட்டில் நூறில் ஒரு பங்கு. மணிக்கு ஆறு பங்கு. நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றே குறைவு. இரண்டு மாதத்துக்கு 86 யூனிட்! எல்லாரும் உறங்கும்போதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போனாலும், யாரோ ஒருவன் உள்ளே அமர்ந்து உண்டுகொண்டே இருக்கிறான்.

யார் அவன் என்பதை மருமகப்பெண்தான் சொன்னாள். “மாமா மாசா மாசம் அதுக்குத் தண்ணி வாங்கி ஊத்துறாங்களே, அது தொட்டா சுடுது” என்று கூடத்து மூலையைக் காட்டினாள். அங்கே இருந்தது இன்வெர்ட்டர்.

அதன் வரலாறு நம்மிற் பலருக்கும் தெரிந்ததே. 2012 ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே தமிழகம் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு போராடினார்கள். அப்போது கடன்பட்டு இன்வெர்ட்டர் வாங்காத நடுத்தரக் குடும்பம் அரிது. அத்தானும் வாங்கினார், அந்த வெளிச்சத்தில்தான் மகன் படித்துத் தேறினான். அதன் பின் மின்வெட்டு குறைந்தது. பேட்டரி மட்டும் ஒருமுறை மாற்றப்பட்டு, அதுவும் கிழடு தட்டி, மூலையிலேயே இருந்தது. பேட்டரியின் அறைகளில் ஒன்று பழுதுபட்டால் அது ஒருபோதும் முழுதாக மின்னேற்றம் பெறாது. நிறையாத பானையில் ஊற்றிக்கொண்டே இருப்பது போல, இன்வெர்ட்டர் இரவும் பகலும் அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கும். அது வெப்பமாகும், தண்ணீர் வற்றும். இன்வெர்ட்டருக்குச் செல்லும் இணைப்பை அத்தான் துண்டித்தார். மீட்டரின் புள்ளி அணைந்தது. நாம் ஐந்து நிமிடம் காத்திருந்தும் அது மின்னவேயில்லை.

இனிப் பணக் கணக்கு. இதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பெரும்பாலான இல்லங்களில் தவறு இங்கேதான் நேர்கிறது. ஆண்டிபட்டித் தொகுதியில் 2002-லும் 2006-லும் வென்ற செல்வி ஜெயலலிதா, 2016 மே 23-ல் மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற அன்றே, வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆணையிட்டார். 2022 செப்டம்பரில் கட்டணம் திருத்தப்பட்டபோதும் அச்சலுகை நீடித்தது. அந்தத் திருத்தத்தின்படி, மொத்தப் பயன்பாடு 500-க்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆனால் 500-ஐ ஒரே யூனிட் தாண்டினாலும், அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும்; இரண்டாவது நூறுக்கும் 4.50 கொடுக்க வேண்டும். 500-க்கு மேற்பட்டவற்றுக்கு யூனிட் 8 ரூபாய் முதல் ஏறிச் செல்லும்.

இதைக் கொண்டு தமக்கையாரின் அட்டையைப் பாருங்கள். 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். இன்வெர்ட்டர் தின்ற 86-ஐக் கழித்தால் 474 யூனிட். அதற்குக் கட்டணம் 1,569 ரூபாய் மட்டுமே. அந்த 86 யூனிட்டின் விலை 861 ரூபாய்! மொத்தப் பில்லை யூனிட்டுகளால் வகுத்தால் யூனிட் நாலே கால் ரூபாய் போலத்தான் தோன்றும். ஆனால் உச்சியில் ஏறி நின்ற இந்த யூனிட்டுகள் ஒவ்வொன்றும் பத்து ரூபாய் பிடுங்கியிருக்கின்றன. சென்ற ஆண்டின் 770-ஐயும் இதனோடு அப்படியே ஒப்பிடலாகாது. அது பழைய கட்டணம். அதே 380 யூனிட்டைப் புதிய கட்டணத்தில் எரித்திருந்தால் 1,035 ரூபாய் ஆகியிருக்கும். விலையேற்றத்தின் பழியையும் சேர்த்தே அந்தப் பெண் சுமந்திருக்கிறாள். (2024 ஜூலையில் இந்த விலைகள் மேலும் சற்றே ஏறின, 500-ஐத் தாண்டினால் சலுகை குறையும் முறை அப்போதும் மாறவில்லை.)

குளியலறை விளக்கையும் கணக்கிட்டோம். மகன் வீடு முழுவதும் எல்.இ.டி. விளக்குகள் மாட்டியிருந்தான். 9 வாட் விளக்கு ஒரு யூனிட் எரிய வேண்டுமானால் 111 மணி நேரம் ஆகும். தமக்கையார் குடித்தனம் தொடங்கிய காலத்தில் அங்கே எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. அது பதினேழு மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முடித்துவிடும். ஆக, அக்காலத்தில் அவர் கண்டிப்பு நியாயமே; பல்பு மாறியது, கண்டிப்பு மட்டும் மாறவில்லை. இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அந்த வீட்டில் நாம் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

ஆனால் மின்விசிறி விஷயத்தில் அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 75 வாட் விசிறி நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரு மாதத்தில் 72 யூனிட். குழந்தையின் அறையில் ரெகுலேட்டர் வேறு பழைய பெட்டி வகை. விசிறியின் வேகத்தைக் குறைக்குமே தவிர, மிச்சப்படுத்த வேண்டிய மின்சாரத்தைத் தன்னுள்ளேயே சூடாக்கிக் கழித்துவிடும். கைவைத்துப் பார்த்தால் தெரியும். இப்போது பி.எல்.டி.சி. என்னும் வகை விசிறிகள் வந்துள்ளன. அவை சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகின்றன. விலை கூடுதல்தான்; ஆனால் நாளெல்லாம் ஓடும் அறைக்கு அவ்விலை விரைவில் திரும்பி வரும். எப்போதாவது ஓடும் அறையில் பழையதே இருக்கலாம்.

அத்தானுக்கும் ஒரு பங்கு இருந்தது. காலையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நாளிதழோடு அமர்வது அவர் வழக்கம். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, தெருவில் ஓடி, எதிர்வீட்டார் கூப்பிட்ட பிறகே நிறுத்துவார். ஃபுட் வால்வும் தேய்ந்திருந்தமையால், குழாயில் நின்ற நீர் இறங்கிவிட, மோட்டார் முதலில் சிறிது நேரம் வெறுமனே உறுமும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். அணையருகே சொன்ன லாரிக் கணக்கைத் தமக்கையார் அப்போது நினைவூட்டினார். அத்தான் நாளிதழை மடித்து வைத்தார். தொலைக்காட்சிப் பெட்டியை ரிமோட்டால் மட்டும் அணைத்துவிட்டு, அதன் செட்டாப் பாக்ஸை நாள் முழுவதும் விழித்திருக்க விடும் பழக்கம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தனர். அதன் பின்புறம் மூச்சுவிட ஒரு சாண் இடம் விட்டு நகர்த்தினோம். மிக்ஸியையும் கிரைண்டரையும் பற்றி அஞ்ச வேண்டியதில்லை; வாட் அதிகமானாலும் அவை ஓடுவது சில நிமிடங்களே. எது வலிமையாக உழைக்கிறது என்பதை விட, எது நெடுநேரம் உழைக்கிறது என்பதையே பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி நாள் மாலையில் இன்னொன்று நிகழ்ந்தது. குழந்தையின் அறைக்கு மேற்குப் பக்கம் ஒரு சன்னல் உண்டென்பதையே நாம் அதுவரை அறியவில்லை. கலியாணச் சீராக வந்த மர அலமாரி அதை மறைத்து நின்றது. ஆள் சேர்த்து அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றி, இறுகியிருந்த கதவைத் தட்டித் திறந்தோம். தூசியும் காற்றும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. நாட்காட்டி ஆணியோடு ஆடிற்று. வெளியே, தொலைவில், காற்றாலை இறக்கைகள் செவ்வானத்தில் சுழன்றுகொண்டிருந்தன. கொசுவலை ஒன்று சன்னலுக்கு அடிக்க வேண்டும் என்று மகன் அளவெடுத்தான்.

நாம் ஊர் திரும்பிய பின், பேட்டரியைத் தேனியில் ஒரு கடையில் பழைய விலைக்குப் போட்டு, கிடைத்த தொகையோடு சிறிது சேர்த்துப் புதுவகை மின்விசிறி ஒன்று வாங்கினார்களாம். வால்வும் மாற்றப்பட்டது. ஜூலையில் மருமகப்பெண் வெள்ளை அட்டையைப் படம் பிடித்து நம் துணைவியாருக்குக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள்: 398 யூனிட், 1,116 ரூபாய். அடுத்து வந்த படம், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தின் பக்கம். ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணைக் குறித்து வந்திருக்கிறார்கள். முதல் மூன்று வரிகள் அவள் கையெழுத்து. அதற்கு மேல், கோணல்மாணலாக, நம் தமக்கையாருடையது.

அன்றிரவு தமக்கையாரே பேசினார். பில்லைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. குழந்தைக்குப் பல் முளைத்ததையும், மல்லிகை விலையையும் சொல்லிவிட்டு, “புது பேன் சத்தமே இல்ல தம்பி. ராத்திரி எந்திரிச்சுப் போய் ஓடுதான்னு பார்த்துட்டு வர்றேன்” என்றார்.